மதில் அண்ணையின் கடைசிப் பந்து

இங்கிலாந்து பெற்றெடுத்த பிடிவாதக்காரர்களிலேயே பெரியவர் எங்கள் ‘மதில்’தான். சும்மா சொல்லவில்லை. ஜெர்மனியில், ஹம்பேர்க்கின் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தில் நான் கோல் காப்பாளன். அவர் எனக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர். என் இளமையின் பெரும்பகுதியை அவருடைய முதுகைப் பார்த்தே கழித்தேன்.

சின்ன வயதில், ஓட்டம் போதாது என்று ஒரு பெரிய கழகம் அவரை வீட்டுக்கு அனுப்பியதாம். “நான் ஏன் ஓடவேணும்? பந்து என்னட்டைத்தானே வரவேணும்” என்பார். அந்தக் கொள்கையோடு இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுக் கழகங்களையெல்லாம் சுற்றி, முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எதிராளியை இடித்து விழுத்துவார். உடனே கைகொடுத்துத் தூக்கி, ஒட்டிய புல்லையும் தட்டிவிட்டு, “சொறி, சேர்” என்பார். நடுவருக்கு அட்டையை எடுக்கவே கூச்சமாக இருக்கும்.

ஜெர்மன் இலக்கணம் அவருக்கு ஒத்துவரவில்லை. என் அம்மாவின் மீன் றோல்ஸ் ஒத்துவந்தது. அந்த வழியால் தமிழும் வந்தது. எதிரணிக்கு விளங்காது என்ற தைரியத்தில், “தம்பி, இடப்பக்கத்தாலை வாறான், விடாதை!” என்று மைதானம் அதிரக் கத்துவார்.

டுசல்டோர்ஃபில் ஒரு நட்புப் போட்டி. அப்படித்தான் கத்தினார். பந்தோடு வந்த பையன் சடாரென்று வலப்பக்கம் திரும்பினான்.

“எங்கடை வீட்டிலையும் தமிழ்தான், அண்ணை!”

மதில் அவனையும் விழுத்தினார். தூக்கிவிட்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார்.

பிறகு அவருடைய கடைசிப் போட்டி வந்தது. வென்றால்தான் கழகம் அந்தப் பிரிவில் நிலைக்கும். ஒரு கோல் முன்னால் நின்றோம். முடியப்போகும் நேரம், எதிரணி வீரன் என்னையும் தாண்டி, வெறும் கோலைப் பார்த்து உதைத்தான். அன்றுதான் மதில் ஓடியதைக் கண்டேன். கால் எட்டவில்லை, முகத்தைக் கொடுத்தார். மூக்கு உடைந்தது.

“உள்ளையோ?”

“இல்லை அண்ணை, வெளியாலை!”

“அப்ப சரி” என்று புல்லில் சாய்ந்துவிட்டார்.

எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானே பாய்ந்து தடுத்ததுபோல என் நெஞ்சு நிமிர்ந்தது.

வைத்தியசாலையில் தாதி வழிமறித்தார். “உறவினர் மட்டும்தான் உள்ளே போகலாம். நீங்கள் யார்?”

“தம்பி” என்றேன்.

கட்டிலில் கிடந்த சிவந்த முகத்தையும் என் கறுத்த முகத்தையும் தாதி மாறிமாறிப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.