கோபாலசாமிக்கு ஆட்சேபனை இல்லை

ஒரு மனிதருக்கு ஒரு பெயர் போதும் என்பது தமிழர்களின் கொள்கை. குறைந்தது இரண்டு வேண்டும் என்பது கம்ப்யூட்டரின் கொள்கை. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால், நடுவில் அகப்பட்டவர்கள் அவரவர் அப்பாவின் பெயரை வாலில் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். மேற்படி முறையில் துபாய் வந்து சேர்ந்தவள்தான் இளவேனில்.

அவளுடைய அப்பா கோபாலசாமி விருதுநகர் பக்கத்தில் ஒரு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்தில்லாமல் அந்த ஊரில் யாரும் முறைப்படி பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே உண்மை. மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அவரே உட்கார்ந்து நிரப்பினார். பெயர் என்ற கட்டத்தில் இளவேனில் என்று எழுதினார். அடுத்து சர்நேம் என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. வேறு மனுதாரராக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். பெற்ற மகளை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. தன் பெயரை எழுதிக் கட்டத்தை அடைத்தார்.

மதுரை விமான நிலையத்தில் வழியனுப்பும்போது, "அப்பா பேரைக் காப்பாத்தணும்மா" என்று தழுதழுத்தார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அது இப்படிச் சொல்லுக்குச் சொல் நிறைவேறும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

இளவேனிலுக்குக் கட்டடங்களுக்கு ஏ.சி. காற்று போகும் டக்ட் குழாய் போட்டுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. வரைபடத்தைப் பார்த்து எந்த மாடிக்கு எவ்வளவு டக்ட் போகும் என்று கணக்கிட வேண்டும். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மனிதர்களைக் கடைசிப் பெயரால் மட்டுமே அறியும். ஆகவே சேர்ந்த அன்றே அவளுடைய மெயில், அடையாள அட்டை, நாற்காலியின் முதுகில் ஒட்டிய சீட்டு எல்லாவற்றிலும் கோபாலசாமி வந்து உட்கார்ந்துகொண்டார். ஆண் பெண் பேதம் பாராமல் எல்லோரையும் 'மேம்-சார்' என்று அழைக்கும் பிலிப்பைன்ஸ்காரி லோர்னா ரிசப்ஷனில் இருந்தாள். "குட் மார்னிங், மேம்-சார் கோபால்" என்று அவள் சொல்லும்போது மட்டும், நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவள்தான் என்று இளவேனிலுக்குத் தோன்றும்.

துபாயின் கராமா பகுதியில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் நஜீஹா. கீழக்கரைக்காரி, மருந்துக்கடையில் வேலை. அவளுடைய வாப்பா பெயர் சாதிக் பாட்ஷா என்பதால் அவள் உலகுக்கு பாட்ஷா. புதிதாக வந்த வாட்ச்மேன், குடியிருப்போர் பட்டியலைப் படித்துவிட்டு அதிர்ந்துபோனார். பெண்கள் மட்டும் தங்கும் பிளாட்டில் கோபாலசாமியும் பாட்ஷாவும் ஒரே அறையில். இரண்டு நாள் லிஃப்ட் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார். அந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் மாட்டவில்லை. கடைசியில் நஜீஹாதான், "பாய், அவங்க ரெண்டு பேரும் ஊர்லதான் இருக்காங்க. எங்களை அனுப்பிவெச்சிருக்காங்க" என்று இந்தியில் சொல்லிச் சமாதானப்படுத்தினாள்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது ஒன்று இருந்தது. மூன்று வருடத்தில் இளவேனில் ஆபீஸில் நல்ல பேர் வாங்கியிருந்தாள். வாங்கிய பேர் அப்பாவுடையதாக இருந்தது. நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் கணக்கில் பெரிய தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது, 'கோபாலசாமியின் கூர்மைக்குப் பாராட்டுகள்' என்று எல்லோருக்கும் மெயில் போயிற்று. கூட்டலுக்கே இரண்டு தரம் கால்குலேட்டரைத் தட்டுகிற மனிதரின் கூர்மை. அன்று அவள் அந்த மெயிலை அழித்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் நிறுவனத்தில் மகிழ்ச்சி அமலுக்கு வந்தது. எல்லா ஆபீஸ்களிலும் அது வந்துகொண்டிருந்த காலம். எச்.ஆர். என்ற பலகையைக் கழற்றிவிட்டு 'மகிழ்ச்சிப் பிரிவு' என்று மாட்டினார்கள். உள்ளே அதே மூன்று பேர், அதே மூன்று முகங்கள். வாசலில் ஒரு இயந்திரம் வைத்தார்கள். அதில் சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று பொத்தான்கள். ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் கதவு திறக்கும். அழும் முகத்தை அழுத்தினால் பதினான்கு பக்கப் படிவம் ஒன்று திரையில் விரியும். ஆகவே எல்லோரும் சிரிக்கும் முகத்தையே அழுத்தினார்கள். முதல் மாதமே நிறுவனம் தொண்ணூற்றெட்டு சதவீத மகிழ்ச்சியை எட்டியதாக அறிக்கை வந்தது.

ஆண்டு மகிழ்ச்சி விழாவில் இளவேனிலுக்குப் பதவி உயர்வு என்று முடிவாயிற்று. சீனியர் ஆகிறாள், தனி அறை உண்டு, அறைக்கதவில் மாட்டும் கண்ணாடிப் பலகையில் பெயர் பொறித்து மேடையில் வைத்தே தருவார்கள். அந்தப் பலகையிலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நினைத்தாள். விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. பெயர் மாற்றம் கோரி மகிழ்ச்சி அதிகாரி ராஜீவிடம் போனாள்.

ராஜீவ் பாலக்காட்டுக்காரர், முப்பது வயசு, தமிழ் நன்றாகப் பேசுவார். மேசையில் ஒரு மஞ்சள் பந்து, அதில் சிரிக்கும் முகம். பிரச்சினையைக் கனிவோடு கேட்டுவிட்டு, ஒரு பெயரை மாற்ற வேண்டுமானால் அந்தப் பெயருக்கு உரியவரிடமிருந்து என்.ஓ.சி. வேண்டும் என்றார். எனக்கு இதில் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதம்.

"அந்தப் பேருக்கு உரியவ நான்தானே. நானே தர்றேன்."

"நீங்க கோபாலசாமின்னா, இளவேனில் யாருன்னு கேள்வி வரும் மேடம். நீங்க இளவேனில்னா, கோபாலசாமி வேலையில நீங்க எப்படி உட்கார்ந்திருக்கீங்கன்னு கேள்வி வரும். ரெண்டுமே நல்ல கேள்வி இல்லை."

"அப்ப யார் தரணும்?"

"ஒரிஜினல் கோபாலசாமி. நேர்ல வந்து, என் முன்னாடி போடணும்." பிறகு மஞ்சள் பந்தை அவள் பக்கம் நகர்த்தினார். மன அழுத்தத்துக்கு நல்லதாம்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். கடிதத்தை மெயிலில் அனுப்பினால் போதாதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரில் வரச் சொன்னதில்தான் அந்த ஆபீஸின் தரமே தெரிகிறது என்றார். மூன்றாவது வாரம் விசிட் விசாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவருடைய சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் மும்மூன்று நகல்.

மறுநாள் காலை அவரை ஆபீஸுக்கு அழைத்துப் போனாள். லோர்னா அவர் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தாள். விசிட்டர் அட்டை அச்சாகி வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வெல்கம், மேம்-சார் முத்துராமன்" என்று கழுத்தில் மாட்டிவிட்டாள். தன் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் என்ற கட்டத்தைக் கோபாலசாமி காலியாக விட்டவர் அல்ல. அங்கே அவருடைய அப்பா முத்துராமன் இருந்தார்.

ராஜீவ் எழுந்து கைகுலுக்கினார். "வாங்க மிஸ்டர் முத்துராமன். கோபாலசாமி வரலையா?"

"நான்தான் சார் கோபாலசாமி. முத்துராமன் எங்கப்பா."

"அட்டையில அப்படி இல்லையே. இந்தப் பேர்ல வந்திருக்கிற நீங்க, முதல்ல முத்துராமன்கிட்ட என்.ஓ.சி. வாங்கிட்டு கோபாலசாமி ஆகணும். அப்புறம்தான் மேடத்துக்கு நீங்க தர முடியும்."

"அவர் தொண்ணூத்தி நாலிலேயே காலமாயிட்டார், சார்."

"ரொம்ப வருத்தம். ஆனா பத்து நிமிஷம் முன்னாடி ரிசப்ஷன்ல கையெழுத்துப் போட்டிருக்காரே."

இளவேனில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா இப்போது வெடிப்பார், நமக்காக ஒரு தடவையாவது சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். கோபாலசாமியின் முகத்தில் கோபம் இல்லை. வெகுகாலம் தனியாக வாழ்ந்தவன் தன் இனத்தாரைக் கண்ட மாதிரி ஒரு வெளிச்சம்தான் இருந்தது.

"சார் சொல்றது ரூல்படி சரிதாம்மா" என்றார் மகளிடம்.

அப்படியானால் முத்துராமனின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் போதும் என்று ராஜீவ் மனமிரங்கி வழி சொன்னார். கோபாலசாமி பிளாஸ்டிக் உறையைத் திறக்கவில்லை. மெதுவாகச் செருமினார்.

"அது இல்லை சார். எங்க அண்ணன்தான் மனு கொடுத்தான். அப்ப நான்தான் அந்த சீட்ல இருந்தேன். அப்பா பேருக்கு முன்னாடி இனிஷியல் விட்டுப்போயிருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போனவன் மறுபடி வரவே இல்லை."

"சொந்த அப்பாவோட மனுவையா?" என்றாள் இளவேனில்.

"சொந்தம்னு பார்த்தா சீட்டுக்கு என்ன மரியாதை?"

ராஜீவின் முகம் மலர்ந்தது. மகிழ்ச்சிப் பிரிவு வந்த நாளிலிருந்து அவர் நிஜமாக மகிழ்ந்து இளவேனில் பார்த்தது அப்போதுதான். ஆக ஆவணப்படி முத்துராமன் உயிரோடுதான் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று குறித்துக்கொண்டு கோப்பை மூடினார். அவரும் கோபாலசாமியும் கேன்டீனுக்குப் போய் கரக் சாயா குடித்தார்கள். இனிஷியலுக்குப் பின் புள்ளி வைப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினார்களாம்.

விழா நாள் வந்தது. பணியாளர்களின் குடும்பத்தாரும் வரலாம் என்பதால் கோபாலசாமியும் சட்டையை இஸ்திரி போட்டு வந்து மூன்றாவது வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். எகிப்துக்காரரான ஜெனரல் மேனேஜர் மைக்கில் முழங்கினார்: இந்த ஆண்டின் சிறந்த பணியாளர், அயராத உழைப்பாளி, நமது கோபாலசாமி. இருநூறு பேர் கை தட்டினார்கள்.

இளவேனில் பாதி எழுந்தாள். பக்கத்தில் அப்பா முழுதாக எழுந்து நின்றிருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருட வேலையில் அவர் பெயரை மைக்கில் யாரும் கூப்பிட்டதில்லை. ஓய்வுபெற்ற அன்றுகூட மாலையைப் போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் வரிசையைத் தாண்டி மேடையை நோக்கி நடந்தபோது இளவேனில் தடுக்கவில்லை. தடுக்கத்தான் நினைத்தாள். அவர் நடையைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்து மற்றவர்களோடு கை தட்டினாள், கண் கலங்கிக்கொண்டே. கோபம் அப்புறம்தான் வந்தது. மேடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெறும் கோபாலசாமி என்று பொறித்த கண்ணாடிப் பலகையை, நிஜமாகவே கோபாலசாமியாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பலகையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். "என் பேர்தானம்மா போட்டிருக்கு" என்றார். மறுக்க முடியவில்லை. அது இப்போது அவர் வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறது.

இளவேனிலின் புது அறைக்கதவில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. ஒருநாள் முழுக்க அவற்றையே பார்த்தாள். மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக இளவேனில் என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே போய் வேலை பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை.

மதியத்துக்குள் மகிழ்ச்சிப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. 'அன்புள்ள கோபாலசாமி அவர்களுக்கு, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறையில் இளவேனில் என்னும் அடையாளம் தெரியாத நபர் அமர்ந்திருப்பதாகப் புகார் வந்துள்ளது. தங்கள் விளக்கத்தை உடனே அனுப்பவும்.'

இளவேனில் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, வந்த முதல் நாளிலிருந்து தனக்குக் கொடுக்கப்பட்டிருந்த கோபாலசாமி என்ற மெயில் முகவரியிலிருந்தே பதில் எழுதினாள். 'புகாரை நேரில் விசாரித்தேன். மேற்படி நபர் என் சொந்த மகள். திறமையான பெண். அவள் என் அறையில் இருந்து, அவள் பெயரில் வேலை பார்ப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை. இப்படிக்கு, கோபாலசாமி.'

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. கோபாலசாமியின் என்.ஓ.சி. முறைப்படி ஏற்கப்படுகிறது. பணியாளரின் மகள் வேலை நேரத்தில் வந்து போகத் தடையில்லை. நாள்தோறும் ரிசப்ஷனில் விசிட்டராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காலை இளவேனில் ரிசப்ஷனில் நின்றாள்.

"யாரைப் பார்க்கணும், மேம்-சார்?" என்றாள் லோர்னா, விதிப்படி.

"கோபாலசாமியை."

பாஸ்போர்ட் இயந்திரத்தில் போயிற்று. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால் ராஜீவ், கையில் பாஸ்போர்ட்டோடு நின்றிருந்தார்.

"பேர் அக்ஷய்" என்றார் லோர்னாவிடம், தாழ்ந்த குரலில். "ராஜீவைப் பார்க்கணும்."

இளவேனில் அவரையே பார்த்தாள்.

"ராஜீவ் எங்கப்பா" என்றார் அவர். "பாலக்காட்டில ரேஷன் கடை வெச்சிருக்கார். ஆறு வருஷமா இங்க வேலை பார்க்கிறது அவர்தான், மகிழ்ச்சி அதிகாரியும் அவர்தான். நேத்து உங்க மெயிலைப் பார்த்தேன். நானும் அப்பா பேர்ல ஒண்ணு எழுதிப் போட்டுட்டேன். விஷயம் சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் முழுக்கப் பரவிடுச்சு."

அவருக்குப் பின்னால் வரிசை லிஃப்ட் வரை நீண்டிருந்தது. அக்கவுண்ட்ஸ்காரர்கள், டிரைவர்கள், டிராயிங் பிரிவு முழுவதும், எல்லோரும் அவரவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். கடைசியில் ஜெனரல் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவர்கள் ஊர் வழக்கப்படி அவருடைய கடைசிப் பெயர் தாத்தாவினுடையது.

அட்டைகள் அச்சாகி வந்தன. இயந்திரம் வழக்கம்போல் கடைசிப் பெயரை மட்டுமே அச்சடித்திருந்தது. லோர்னா இளவேனிலுக்கு 'கோபாலசாமி' என்ற அட்டையையும், அக்ஷய்க்கு 'ராஜீவ்' என்ற அட்டையையும் கழுத்தில் மாட்டிவிட்டாள். இருவரும் கதவருகே போய், சிரிக்கும் முகத்தை அழுத்திவிட்டு உள்ளே போனார்கள்.