நான்காவது ஓட்டை

இயேசு மரி சூசை துணை

நாமக்கல்

அன்புமிக்க சம்பந்தி ஆண்ட்ரூஸ் அவர்களுக்கு, ராயப்பன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் மரியபுஷ்பமும் மகள் பிரின்சியும் சுகம். பனமரத்துப்பட்டியில் தங்கள் மூட்டுவலி குறைய மன்றாடுகிறோம். சுகம் விசாரித்தது போதும். தங்கள் மகன் ஜெனிஷ், என்னை உள்ளே விடாமல் பட்டறையைப் பூட்டிவிட்டார்!

நடந்ததைக் கேளுங்கள். லாரி பாடி கட்டும் கம்பெனிக்கு மாதிரித் தகடு ஒன்று கொடுக்க வேண்டும். தேறினால் வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால் மாப்பிள்ளை மறுபடி கத்தாருக்குப் போக வேண்டியதுதான். பிரின்சிக்கோ இது ஏழாம் மாதம். நாலு ஓட்டையில் மூன்றைப் போட்டவர், டிரில் பிட் மழுங்கிவிட்டதென்று புதிது வாங்கப் போனார். மேட்டூரில் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் டிரில் பிட்டுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு பிட்டாவது மழுங்கியதாக என் ரிஜிஸ்டரில் கிடையாது. வேலை கெடக்கறப்ப பெரிய மனுசன் சும்மா உக்காந்திருக்கலாமுங்களா? மெஷினைப் போட்டேன். முதல்ல பஞ்ச் வச்சுப் புள்ளி குத்தணும், தகட்டை வைஸ்ல இறுக்கணும்ங்கறதெல்லாம் கையில தெம்பில்லாதவங்களுக்கு. நான் கையாலயே புடிச்சேன். பிட்டு குறிச்ச எடத்தை உட்டு நழுவி ஓட்டை கோணலா விழுந்துச்சு, தகடு கிர்ருன்னு சுத்தி என் வேட்டியையும் இழுத்துக்கிச்சு, ஐயோ மாதாவேன்னு சுவிட்சை அமுக்கறதுக்குள்ள வேட்டி மெஷினோட, நான் தனியா! அந்த நேரம் பாத்துக் கம்பெனி ஆளு வந்து, "ஏனுங்க, சேம்பிள் ரெடிங்களா?"ங்கறான். வேட்டியில்லாம நிக்கறவன் வேற என்னங்க சொல்லுவான்? "ஆச்சுங்க, சீக்கிரம் கெளம்புங்க"ன்னு தகட்டைக் குடுத்தனுப்பிட்டேன்.

மாப்பிள்ளை வந்து, மெஷினில் சுற்றிய வேட்டியைப் பார்த்து நடந்ததைக் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "மாமா, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார், அவ்வளவுதான், பூட்டு. பிரின்சி ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறா. அவ பிரசவத்தப்ப அவரு பக்கத்துல இல்லாமப் போனா, அது என்னாலதானுங்களே? ஆகவே, தகப்பனார் என்ற முறையில் தாங்கள் அவரைக் கண்டித்து, பட்டறைச் சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். அந்தோனியார் தங்கள் குடும்பத்துக்குக் காவல் இருப்பாராக.

இப்படிக்கு,
அ. ராயப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தகடு தேறிவிட்டது! அளந்து பார்க்க வேண்டிய அதிகாரி அளக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனித் தப்பென்று சொன்னால் அவர் மானம் போகுமாம். அதனால் ஆர்டர் கொடுக்கும் எண்ணூறு தகடும் அச்சு அசலாக அதே மாதிரி வேண்டுமாம். மாப்பிள்ளை நேத்துப் பூரா முக்கிப் பாத்தும் அந்தக் கோணல் வரவே மாட்டேங்குதுங்க. "மாமா, நீங்கதான் போட்டுக் காட்டணும்"னு கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. எப்படிப் போட்டேன்னு எனக்கே தெரியலீங்களே, சம்பந்தி!