பதினாலு கிலோமீட்டர் விருந்து

என் வீட்டுக்காரர் உலகத்தைக் காப்பாற்ற முடிவு செய்த நாளும், நான் பாத்திரம் கழுவுகிற மெஷினுக்கு ஆர்டர் போட்ட நாளும் ஒரே நாள். இதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள்.

அவர் பெயர் இளஞ்செழியன். அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறவர். வாயால் சொன்னது எதுவும் அவருக்கு நடந்த மாதிரியே இருக்காது. எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டால்தான் திருப்தி. நானோ வேலூரில் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர்கள் தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கேள்வித்தாளைக் கடைசி வரி வரைக்கும் படி. இந்த இரண்டு குணமும் இருபத்திமூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடை மாடியில் ஏதோ சுற்றுச்சூழல் சங்கக் கூட்டம். போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கீதா, ஒரு ஊர் விடுற புகை எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?"

"அடுப்புல பால் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க."

"இங்க ஓடுற பஸ்ஸு, ஆட்டோ விடுறது மட்டும்தான் நம்ம புகைன்னு நெனைச்சிட்டிருக்கோம். இல்ல. நாம வாங்குற சாமானை எங்கேயோ ஒரு நாட்டுல செய்றான் பாரு, அந்த ஃபேக்டரிப் புகை, அதை ஏத்திட்டு வர்ற கப்பலோட புகை, எல்லாம் வாங்குறவன் கணக்கு."

"யார் சொன்னது?"

"ஜெர்மனியிலேருந்து ஒருத்தர் வந்திருந்தார்."

"நடந்தா வந்தாரு?"

பதிலுக்கு வேறொரு கேள்விதான் வந்தது.

"உன் மெஷின் எங்க செய்றாங்க?"

"துருக்கி."

"பார்த்தியா. அதை விட்டுடு."

முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக இங்கிலீஷ் டியூஷன் எடுத்து மெஷினுக்கென்று சேர்த்த காசு அது. என் விரல் இடுக்கில் சோப்பு அரித்த புண், ஆறுவதும் பிளப்பதுமாக ஆறு மாசமாக இருக்கிறது. தண்ணியில் கை வைக்காதீங்க என்கிறார் டாக்டர். வைக்காமல் யார் கழுவுவது என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

"இன்னும் முடியல, கேளு," என்றார். அந்தச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வேண்டுமாம். தலைவர் பரசுராமன் சார், ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார், சொல்லை நம்பமாட்டார், செய்கையைத்தான் பார்ப்பார். அதனால் இவர் பதினைந்து பேரை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"கிரிவலப் பாதை எத்தனை கிலோமீட்டர்? பதினாலு. அந்தத் தூரத்துக்குள்ள கெடைக்கிறதை மட்டும் வச்சு விருந்து. நல்லா முடிஞ்சா செயலாளர் நான்தான்."

"பதினஞ்சு பேருக்கு நான் ஒருத்தியா? போளூர்லேருந்து அப்பாசாமியை வரச் சொல்லுங்க. சமைச்சு, பாத்திரத்தையும் கழுவி வச்சிட்டுப் போவாரு."

"போளூர் முப்பத்தஞ்சு கிலோமீட்டர். ஆள் வர்ற பஸ்ஸும் புகைதானே விடுது?"

உடனே பேப்பர் வந்தது. எழுதினார்: *இவ்வீட்டு விருந்தில் பயன்படும் பொருளோ, உழைக்கும் ஆளோ, பதினாலு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது.* தேதி. கையெழுத்து. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"ஏங்க, உப்பு?"

"உப்புக்கு என்ன?"

"மரக்காணம்."

கீழே எழுதினார்: *விலக்கு 1: உப்பு.*

"உங்க காபித்தூள் சிக்மகளூர்."

*விலக்கு 2.* இதை யோசிக்காமலே எழுதினார்.

"வாழை இலை திருச்சிப் பக்கத்துலேருந்து வருது. சோப்புத்தூள் எங்கேருந்தோ."

"தட்டுல போடு. சாம்பல் போட்டுக் கழுவிக்கலாம்."

கழுவிக்கலாம். யார் என்று சொல்லவில்லை. நான் அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

மறுநாள் ராமதாஸ் மளிகைக் கடைக்குப் போனேன். இவரை மடக்க நாலு தகவல் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

"ராமதாஸ், இந்தத் துவரம்பருப்பு எந்த ஊரு?"

"அது ஆப்பிரிக்காக்கா. மொசாம்பிக்."

"உளுந்து?"

"பர்மா."

"சன்ஃப்ளவர் ஆயில்?"

"ரஷ்யாப் பக்கம். இந்தப் பட்டை சீனா. முந்திரிக் கொட்டைகூட ஆப்பிரிக்காலேருந்து கப்பல்ல வந்து இங்க உடைக்கிறதுதான். பெருங்காயத்துக்கு மூலச்சரக்கு ஆப்கானிஸ்தான். ஏன்க்கா, மாத்திக் குடுத்துட்டனா?"

இல்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பேச்சு வராதது அபூர்வம். ராமதாஸ் பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினான்.

வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். எங்கேயோ ஒரு வறண்ட மலைச் சரிவில் ஒருவன் குனிந்து ஒரு செடியின் வேரைக் கீறுகிறான். பால் கசிகிறது, காய்கிறது, சுரண்டி மூட்டை கட்டுகிறான். லாரி, எல்லை, துறைமுகம், ஆலை, மறுபடி லாரி. இத்தனையும் என் ரசத்தில் ஒரு சிட்டிகைக்காக. பெயரே தெரியாத ஒருத்தி மொசாம்பிக்கில் வெயிலில் நின்று பறித்த பருப்பை, நேற்று குழைந்துவிட்டதென்று குப்பையில் கொட்டினேன். அதைச் சுமந்து வந்த கப்பல் ஒரு கடல் முழுக்கப் புகை விட்டிருக்கிறது. அந்தப் புகை யாருக்காக? எனக்காக. அந்தக் கப்பலுக்கு என் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து மலையைச் சுற்றுகிறார்கள். என் அஞ்சறைப் பெட்டி பூமியையே சுற்றிவிட்டு வந்து சத்தமில்லாமல் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலில் மலை தெரிந்தது. நான் பார்க்கிற இடத்தில் எங்கேயிருந்தும் வராதது அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

மனுஷன் உளறவில்லை. இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. அப்புறம் போனை எடுத்து ஒரு காரியம் செய்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேரும் சைக்கிளிலும் நடந்தும் வந்தார்கள். கேழ்வரகுக் களி, காராமணிக் குழம்பு, கத்திரிக்காய் வதக்கல், செக்கில் ஆட்டின எண்ணெயில் தாளித்த கீரை, வேர்க்கடலைச் சட்னி, மோர். புளிகூடக் கிரிவலப் பாதை ஓரத்து மரத்தில் உலுக்கியது. நான் சமைத்ததை நானே புகழக் கூடாது. பரசுராமன் சார் மூன்று தரம் களி வாங்கினார் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"இளஞ்செழியன், இது ஒரு நாள் வேடிக்கையா, இல்ல வீட்டு வழக்கமா?" என்று கேட்டார்.

"வழக்கம்தான் சார். இனிமே தினமும் இப்படித்தான்."

"அப்ப மினிட்ஸ்ல எழுதிக்கிறேன். செயலாளர் நீங்கதான்." எழுதினார். என் வீட்டுக்காரர் மகிழ்ச்சியில் ஒரு சுற்றுப் பெருத்தார். பரசுராமன் சார் என் பக்கம் திரும்பினார். "அருமையான சமையல்மா. உங்களுக்கு எந்த ஊரு?"

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. நான் நாலு நாளாகக் காத்திருந்த கேள்வி.

"வேலூர் சார். எண்பத்தஞ்சு கிலோமீட்டர்."

ஃபிரிட்ஜிலிருந்து தாளை உரித்து வந்து அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். 'உழைக்கும் ஆளோ' என்ற இடத்தில் குரல் மெதுவானது. விலக்குப் பட்டியலில் விரலை வைத்துத் தேடினார். உப்பு இருந்தது. காபித்தூள் இருந்தது. நான் இல்லை.

"கல்யாணத்தப்ப ரெண்டு பஸ்ஸு, ஒரு வேனு சார் என்னை இங்க கொண்டு வர்றதுக்கு," என்றேன். "சமைச்சது தப்புதான். தெரியாம நடந்துடுச்சு."

"சமையல் முடிஞ்சதை விடுங்கம்மா," என்றார், உண்மையான கவலையோடு. "மிச்ச வேலையாவது விதிப்படி நடக்கட்டும். இளஞ்செழியன், உங்க சொந்த ஊரு?"

"அடி... அடி அண்ணாமலை சார்."

"நாலு கிலோமீட்டர்," என்று நான் உதவி செய்தேன்.

பதினைந்து பேர் கைதட்டினார்கள். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனார்.

எல்லோரும் கிளம்பின பிறகு ஒரு நாற்காலி போட்டு அங்கே உட்கார்ந்தேன். பதினேழு தட்டு, பதினேழு டம்ளர், களி பிடித்த அண்டா, குழம்புச் சட்டி. சாம்பல் முழங்கை வரைக்கும். அவருக்குப் பின்னால் மலை அசையாமல் நின்றது. இருபத்திமூன்று வருஷத்தில் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்த அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன்.

அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கீதா."

"சொல்லுங்க."

"யோசிச்சுப் பார்த்தேன். அந்தத் துருக்கி மெஷினுக்கும் ஒரு விலக்கு எழுதிடலாம். மூணாவது."

"வேணாங்க. நீங்க சொன்னது சரிதான். ராமதாஸ் கடையில நின்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. வியாழக்கிழமையே கேன்சல் பண்ணிட்டேன்."

தலை வெளியே வந்தது. "அப்ப தினமும் பாத்திரம்?"

"அதுக்குத்தான் அடி அண்ணாமலையில தயாரானது ஒண்ணு வீட்டிலேயே இருக்கே," என்று சொல்லி, குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.