தூய எல்ம்

முந்நூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட். தமிழரின் பரந்த மனத்துக்கு ஆக்லாந்தில் விலை குறிக்கப்பட்டபோது வந்த தொகை அது. குறித்தது மரத்தோட்டத்து அலுவலகம். தரவேண்டியவர் தமிழ்ச் சங்கத் தலைவர் சுந்தரமூர்த்தி.

மாஸி என்ற புறநகரிலுள்ள அந்தப் பொது மரத்தோட்டத்தில் ஒரு மரத்தைத் தத்தெடுத்தால், அதன் காலடியில் உங்கள் பெயர்ப்பலகை நிற்கும். தலைவர் தத்தெடுத்தது கலப்பு எல்ம் மரம். ஊரிலுள்ள எல்ம்களை எல்லாம் சாய்க்கும், வண்டு பரப்பும் நோயைத் தாங்கட்டும் என்று, ஆசிய மரத்தையும் ஐரோப்பிய மரத்தையும் சேர்த்து உண்டாக்கியது.

"கலப்புதான் எதிர்காலம்! ரெண்டு இனம் சேர்ந்தா எந்த நோயும் அண்டாது!" என்று நடுவிழாவில் தலைவர் முழங்கினார். முப்பது பேர் கைதட்டினார்கள்.

குழி வெட்டிய தோட்டத் தொழிலாளி யசீகரன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். நாற்பது வயதில் எழுத்துக் கற்றவர். பெரிய மனிதர்கள் சொல்வதை அப்படியே நம்பும் கெட்ட பழக்கம் உள்ளவர். கூட்டம் பிரியாணிக்கு நகர்ந்ததும் கிட்டப் போனார்.

"நல்லாக் கதைச்சியள் ஐயா. உங்கட நவினும் என்ர மகள் லக்ஷிகாவும் விரும்புகினம். நீங்களும் ஓம் எண்டால்..."

தலைவர் அவர் தோளைத் தட்டினார், தோளில் படாமல்.

"நான் மரத்தைப் பத்திப் பேசினேன்ப்பா."

"ஓம் ஐயா. மரத்துக்கு நல்லதெண்டால்..."

"மரத்துக்குச் சாதிசனம் கிடையாது. எனக்கு இருக்கு." பிறகு பலகையைப் பார்த்தார். "ஆமா, 'கலப்பு'ன்னு எழுதி அதுக்குக் கீழ எங்க குடும்பப் பேரா? சுத்தமான ரகம் இல்லையா?"

இருந்தது. பக்கத்திலேயே, எதுவும் கலக்காத ஐரோப்பிய எல்ம். யசீகரன் எழுத்துக்கூட்டிப் புதுப் பலகை எழுதினார்: 'தூய இனம். சுந்தரமூர்த்தி குடும்பத்தார்.' கொள்கைக்காக மரத்தையே மாற்றிய தியாகம் சங்க மலரில் இரண்டு பக்கம் வந்தது. பணம் மட்டும் வரவில்லை.

கோடையில் வண்டு வந்தது. கலப்பு எல்மை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூய இனம் உச்சியில் சுருண்டு, மூன்று வாரத்தில் பட்டுப்போயிற்று. யசீகரன்தான் அறுத்தார். அதே வாரம் நவினும் லக்ஷிகாவும் திருமணப் பதிவாளரை வரவழைத்து, கலப்பு எல்மின் கீழேயே கையெழுத்துப் போட்டார்கள்.

தலைவர் போனில் பதறினார். "மரம்தான் போச்சே, எங்க பேரையாவது கழட்டுப்பா!"

"ஏலாது ஐயா. இது பொதுத் தோட்டம். எது நிண்டது, எது விழுந்ததெண்டு சனத்துக்குக் காட்டத்தான் வச்சிருக்கினம். ஆனால் காசு தரத் தேவையில்லை. செத்த மரத்துக்குக் கடன் இல்லையாம்."

தொகை தள்ளுபடி ஆயிற்று. அடிக்கட்டையும் பலகையும் அப்படியே நிற்கின்றன. தோட்ட விதிப்படி, குடும்பப் பெயருக்குக் கீழே யசீகரன் ஒரு வரி சேர்த்திருக்கிறார், பிழையில்லாமல்:

'நோய் உள்ளது. தொட வேண்டாம்.'