கொஞ்சம் குறைத்து நடியுங்கள், நிமாய்தா

ஒரு மனிதனைப் பற்றி ஊரார் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், அவன் முதலில் சாக வேண்டும். வேறு வழி இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் மட்டும் சாகாமலே கேட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெஹாலாவில் எங்கள் வீட்டு மாடிப்படித் திரைக்குப் பின்னால் லுங்கியோடும், அவசரத்தில் மாட்டிக்கொண்ட என் மனைவியின் ரோஸ் கலர் ரப்பர் செருப்போடும் நின்று, எனக்கு நடந்த இரங்கல் கூட்டத்தை முழுசாகக் கேட்டேன். பாதியில் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் இப்போது சொல்கிறேன்.

நான் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா டைப் அடிக்க வந்தார். நான் கார்டன் ரீச் பக்கம், கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் தமிழ், திருச்சியிலிருந்து வந்த என் மனைவி கல்பனாவின் தயவில் ஓடுகிறது. நடிப்புக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றது. (அதிலும் காற்றே இல்லாமல் ஆடினேன் என்று திட்டு வாங்கினேன்.)

எங்கள் தெருவில் மௌமிதா என்று ஒரு பெண். வேலையை விட்டுவிட்டு, நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் ஒரு பெங்காலிப் படம் எடுக்கக் கிளம்பினாள். கதை இதுதான்: கீழ்வீட்டில் ரிட்டயரான டிராம் கண்டக்டர், மேல்வீட்டில் அப்பளக் கடை வைத்திருக்கும் தமிழர். கீழே மீன் பொரித்தால் மேலே ஜன்னலைச் சாத்துவார். மேலே மிளகாய் தாளித்தால் கீழே தும்முவார். இந்த இரண்டு பேரும் எப்படியோ பிரிக்க முடியாத சிநேகிதர்கள் ஆகிறார்கள். கடைசியில் தமிழர் செத்துப்போகிறார். மாலை போட்ட அவர் படத்தோடு கண்டக்டர் தனியாகப் பேசுவதுதான் முடிவுக் காட்சி.

அசல் தமிழர்தான் வேண்டும் என்று மௌமிதா ஒற்றைக் காலில் நின்றாள். தெருவில் இருந்த அசல் தமிழர் நான் ஒருவன்தான்.

"உங்களைக் கூப்பிட்டது நடிக்கவா, சாகவா?" என்று கேட்டாள் கல்பனா.

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டாவது சுலபமா வரும்" என்றாள்.

கண்டக்டராக நடித்தவர் நிமாய்தா. (பெங்காலியில் பெயரோடு 'தா' சேர்த்தால் அண்ணன்.) எழுபது வயது; அதில் நாற்பது வருஷம் மேடை. குரலை எடுத்தார் என்றால் கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து மன்னிப்புக் கேட்பான். முதல் ஆறு மாதம் அவர் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது, பேசாமல் இருக்கும்போது எப்படிப் பேசாமல் இருப்பது. மனைவியை இழந்து தனியாக இருக்கிறவர் என்று கேள்விப்பட்டு, கல்பனா ஷூட்டிங் தோறும் அவருக்கு ஒரு டப்பாவில் எலுமிச்சம் சாதம் கொடுத்தனுப்புவாள்.

ஏழாவது மாதம் எனக்குத் தலைக்கனம் ஏறியது. அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சொல்வார்களே, அந்த ஜாதி. ஃபோனில் நடிப்புப் பயிற்சி வீடியோக்கள் ஏழெட்டு பார்த்திருந்தேன். ஒரு நாள் ஒரு காட்சி முடிந்ததும், யூனிட் மொத்தமும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தோளைத் தட்டிச் சொன்னேன்: "நிமாய்தா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் குறைச்சு நடிங்க. இது மேடை இல்ல, கேமரா. கண்ணு அசைஞ்சாலே போதும்." (இதைப் பெங்காலியில்தான் சொன்னேன். துரதிர்ஷ்டவசமாக என் பெங்காலி சுத்தமாக இருக்கும்.)

டீ உறிஞ்சும் சத்தம் அத்தனையும் நின்றது. நிமாய்தா மண் கோப்பையைக் கீழே வைத்தார். சால்வையை மடித்தார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கேமரா ஓடும்போது என் தோளில் கை போட்டு, "உன்னை விட்டா எனக்கு யாருடா?" என்பார், 'கட்' என்றதும் அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். நான் சாதத்தை மட்டும் அவர் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். பாசம் ஒன்றும் இல்லை. அவர் பேசுவதில்லை என்று கல்பனாவிடம் சொல்ல பயம்.

முடிவுக் காட்சி ஒன்றுதான் பாக்கி. ஷூட்டிங் நடந்த பழைய வீட்டைத் திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் எட்டு மாத உழைப்பும் குப்பை. அந்த நேரம் பார்த்து நிமாய்தா, "அந்த ஆளோட படத்துகிட்டகூட நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மௌமிதா என்னிடம் அழுதாள். "ரகுதா, இது உங்க வாயால வந்த வினை. சனிக்கிழமை மாலை போட்ட உங்க படத்தை எடுத்துக்கிட்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்க. கால்ல விழுவீங்களோ கையைப் பிடிப்பீங்களோ, எனக்குத் தெரியாது. அவர் வரணும்." அந்தப் பெண் அழுததைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

படம் தயாராக இருந்தது. இரண்டடி உயரச் சட்டம். உள்ளே நான் சிரிக்கிறேன். மேலே சந்தனச் சீவல் மாலை, ஆடாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டியது. கண்ணாடியில் நெற்றிக்கு நேராகச் சந்தனப் பொட்டு. கீழே நான் பிறந்த வருஷம், ஒரு கோடு, நடப்பு வருஷம். செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மழைச் சாரலில் காகிதம் நைந்து, மாலையோடு என் முகம் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இரட்டைப் பிறவியா?" என்றார் மெதுவாக.

விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு, "ஆமாம்" என்றேன். அவர் இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நிமாய்தா வீட்டு முனை வந்ததும் எனக்குத் தைரியம் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து சாயந்திரமாகப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். கல்பனா கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க லேக் மார்க்கெட் போயிருந்தாள். கட்டின புருஷனை மாலையோடு பார்த்தால் அவள் என்ன செய்வாள் என்று நினைக்கவே பயந்து, படத்தைக் கீழே படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். மேலே போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

இங்கே என்னுடைய இன்னொரு நடிப்பைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை, லீவுக்காக ஆபீசுக்கு ஃபோன் செய்தேன். எங்கள் வீட்டில் படிக்கட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று இருமி, முனகி, "சார், இந்தத் தடவை எழுந்திருப்பேனான்னே தெரியல" என்று தழுதழுத்தேன். (கேமராவுக்குக் குறைத்து நடிக்கச் சொன்னவன் இவன்தான்.) கீழே வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்கார மாஷிமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஷிமா என்றால் சித்தி. இந்த ஊரில் வீட்டுச் சொந்தக்காரம்மாவும் உறவுதான்.

அதே மாஷிமா சனிக்கிழமை மீட்டர் பார்க்கப் போய், படத்தைத் திருப்பினார். மேலே வந்து மணி அடித்தாராம்; கரண்ட் இல்லை. கல்பனாவுக்கு ஃபோன் செய்தாராம். சந்தைச் சத்தத்தில் அவள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே முடிந்து, வீட்டார் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். பெங்காலிகள் இந்த மாதிரிக் காரியங்களில் கெட்டிக்காரர்கள். ஒரு நாற்காலி, வெள்ளைத் துணி, சம்பங்கிக் குச்சிகள், ஊதுவத்தி. அரை மணியில் கூட்டம் தயார்.

சங்கு ஊதாத குறையாக எழுந்த சலசலப்பில் விழித்து, இறங்கி வந்தேன். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு திரை. விலக்கப் போனபோது, தெருமுனைக் கிளப் செக்ரட்டரியின் குரல் கேட்டது. "ரகுதா மாதிரி ஒரு மனுஷன் இனி கிடைக்க மாட்டார். கேரம்ல ஒரு நாள்கூட ஏமாத்தினதில்ல."

நான் கேரமில் பத்து வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே திரையை விலக்கி, "ஐயோ, உயிரோடுதான் இருக்கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனசு, 'இன்னும் ஒருத்தர் பேசட்டுமே' என்றது. அடுத்தவர் என்னைத் தங்கம் என்றார். மாஷிமா, நான் மொட்டை மாடியில் தண்ணீரைச் சிந்தவே மாட்டேன் என்றார். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு, எனக்கே என்மேல் மரியாதை வந்து நின்றேன்.

அப்போது வாசலில் குடையை மடித்தபடி நிமாய்தா வந்தார்.

நான் அவர் வீட்டுக்கு வரப்போகிறேன் என்று மௌமிதா அவரிடம் சொல்லியிருக்கிறாள். வரவேண்டாம் என்று நேரில் சொல்லக் கிளம்பி வந்தாராம். (இது பிறகு தெரிந்தது.) நாற்காலியில் என் படத்தைப் பார்த்து அப்படியே நின்றார். சட்டம் போட்ட படத்தை அவருக்கு இன்னும் காட்டவில்லை என்பதால், அவரும் நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். ஒரு கணம் திரைப்பக்கம் பார்த்துவிட்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். இப்போது கர்ஜிப்பார், மார்பில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் படத்தோடு பேசினார்.

"உனக்கு நடிக்கத் தெரியாது, ரகு. அது எல்லாருக்கும் தெரியும்."

மாஷிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாலு வருஷமா என் வீட்டுல 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்க ஆள் இல்ல. நீ கேட்ட. நான் 'ம்'னு மட்டும் சொன்னேன். சண்டைக்கு அப்புறமும் டப்பாவை நாற்காலில வெச்சுட்டுப் போன. நான் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவி வெச்சேன். நல்லா இருந்துதுன்னு சொல்லல. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே."

கிளப் செக்ரட்டரி கண்ணைத் துடைத்தார். மாஷிமா விசும்பினார். திரைக்குப் பின்னால் நான் லுங்கி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த ரகு என்கிற நல்லவன் இவ்வளவு சின்ன வயதில் போய்விட்டானே என்று தாங்க முடியவில்லை.

நிமாய்தா எழுந்தார். திரையைப் பார்த்து, அதே குரலில் கேட்டார்: "என்ன ரகு, அளவு சரியா இருந்துதா? இன்னும் குறைக்கணுமா?"

திரை தரைவரை எட்டாது. அவர் வாசலில் நுழைந்தபோதே ரோஸ் கலர் செருப்பில் என் கால் விரல்களைப் பார்த்திருக்கிறார். கதையில் மாலை போட்ட படம் உண்டு என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதை மறந்தவன் நான் மட்டும்தான்.

திரையை விலக்கி வந்தேன். மாஷிமா அலறினார். கிளப் செக்ரட்டரி என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப கேரம் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். அந்த வேளையில்தான் கல்பனா பையோடு வாசலில் வந்து நின்றாள். சம்பங்கியையும் கூட்டத்தையும் மாலை போட்ட படத்தையும் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நான் இருந்தது தெரிய ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி அவள் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. முருங்கைக்காய் தரையில் சிதறியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. பாராட்டுக்கு ஆசைப்பட்டு நின்ற என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது.

மூச்சு திரும்பியதும் அவள் கேட்டாள்: "ஆபீசுக்கு ஜுரம்னு சொன்னது பத்தலையா உங்களுக்கு?"

பிறகு உப்பு மிளகாய் கொண்டுவந்து எனக்குச் சுற்றிப்போட்டாள். கொஞ்சம் யோசித்து நிமாய்தாவுக்கும் சுற்றினாள். பொய்ச்சாவு வந்தால் ஆயுசு கெட்டி என்று மாஷிமா ஆறுதல் சொன்னார். நான் நிமாய்தாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். "எழுந்திரு, அதையும் அதிகமா பண்ணாதே" என்றார். அன்று அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே டேக்கில் முடிவுக் காட்சி எடுத்தோம். படம் சின்னச் சின்ன அரங்குகளில் ஓடியது. "தமிழராக நடித்தவர், புகைப்படமான பிறகு மிக இயல்பாக இருக்கிறார்" என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். மாலை போட்ட அந்தப் புகைப்படத்தைக் கல்பனா வீட்டுக்குள் விடவில்லை. நிமாய்தா வீட்டில் இருக்கிறது. மாலை பசையோடு ஒட்டிக்கொண்டதால் எடுக்க வரவில்லை. ஒவ்வொரு விஜயதசமிக்கும் நாங்கள் அவரை நமஸ்கரிக்கப் போகும்போது, "இவன் உன்னைவிடத் தேவலை, குறுக்கே பேச மாட்டான்" என்று காட்டுவார்.

அன்று எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று ஒரு முறை கேட்டேன். "நீதானே வாத்தியார், நீயே கண்டுபிடி" என்று டப்பாவை நீட்டினார். கழுவித் துடைத்திருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது என்னால் ஒரு கருத்தும் சொல்ல முடிவதில்லை. குழம்பில் காரம் தூக்கல் என்றால், கரண்டியை நீட்டிக் கல்பனா கேட்பாள்: "இன்னும் குறைக்கணுமா?"

இதை எழுதி முடித்ததும் நிமாய்தாவுக்கு ஃபோனில் பெங்காலியில் வரிவரியாகச் சொன்னேன். படிக்கட்டில் நின்றுதான். கடைசிவரை 'ம்' கொட்டிக் கேட்டார். 

"நல்லா இருக்கு" என்றார். "நீ அழுத இடத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சிரு."