அளவுகோல் மறைத்த வரி

"மார்ச் 12, புதன். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். 520 என்று எழுதவேண்டிய இடத்தில் 680 என்று எழுதிவிட்டேன்."

இதை அவள் எழுதி முடித்தபோது, கீழே, எஃகைத் தகடாக்கும் உருட்டாலையில் சிவக்கச் சிவக்க ஒரு எஃகுக் கட்டி உலையைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. 'சிறிய' என்ற சொல்லை அடித்துவிட்டு எழுந்தாள்.

பகலில் ஆலை ஆய்வகத்தில் உதவியாளர். மாலையில் உலோகவியல் வகுப்பு. வரி மாறிவிடுமோ என்ற பயத்தில் எதையும் அளவுகோல் வைத்துத்தான் வாசிப்பாள். இன்று வெப்ப அட்டவணையைப் பார்த்து ஆலைக்குச் சீட்டு எழுதும்போது அந்த அளவுகோலே சரியான வரியை மறைத்துக்கொண்டு, அதற்கு மேலிருந்த சாதாரண எஃகின் வரியைக் காட்டியிருந்தது.

ஆய்வகத் தலைவரான மேடம் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்த எஃகு அது. மாங்கனீசு சற்றுத் தாராளம், நியோபியம் ஒரு சிட்டிகை. உருட்டிய தகட்டைத் தண்ணீர் பாய்ச்சி 520 டிகிரிக்குக் குளிரவைத்துச் சுருட்டினால் இருமடங்கு வலிமை. 680-இல் சுருட்டினால் அத்தனை உழைப்பும் பாழ். வார்த்ததோ ஒரே ஒரு கட்டி. இன்னொன்று கிடையாது என்று மேலிடம் கறாராகச் சொல்லியிருந்தது.

மேடத்திடம் சொல்ல வாய் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று சன்னலோரம் நின்றபடி உருட்டாலை ஆபரேட்டருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, தண்ணியை முழுசா திறந்து விடுங்க."

"முழுசாவா?"

"முழுசா."

தகடு 390-க்கு இறங்கி, நனைந்த நோட்டுத்தாள் மாதிரி அலையலையாக நெளிந்தது. பதறிப்போய்ப் பாதிக் குழாய்களை மூடச் சொன்னாள். மூடியதெல்லாம் ஒரே பக்கத்துக் குழாய்கள். தகடு அரிவாளாக வளைந்தது. வேகத்தைக் குறைத்தால் நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். முன்பகுதி நின்றுவிட, பின்னால் வந்தது அதன்மேல் ஏறி மடிந்தது.

"தங்கச்சி, மடிச்சு வெச்சாச்சு. இஸ்திரி போட்டுடலாமா?" என்றார் ஆபரேட்டர்.

மேடத்தின் அறைக்கு எப்படிப் படியேறினாள் என்பது அவளுக்கே தெரியாது.

"மேடம், உங்க கட்டி போச்சு. நான்தான் காரணம். எண்ணைத் தப்பா எழுதிட்டேன். சொல்லாம சரிபண்ணப் போய் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. உலைக்காரர். ஆலை முழுவதும் 'தணல்' என்று கூப்பிடும் ஆள். காதில் சாக்பீஸ் துண்டு செருகியிருந்தது.

"மேடம், உங்க கட்டியை இன்னிக்கு உருட்ட முடியாது. மடிஞ்சு கெடக்குறதை வெட்டி எடுக்கவே சாயங்காலம் ஆயிடும். நாளைக்குக் காலையில ஏத்திடட்டுமா?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ... இப்ப உருட்டினது?"

"அது உருளைங்களைச் சூடேத்த முதல்ல விடுற சாதாக் கட்டிம்மா. தினமும் ஒண்ணு விடுவோம். நீ குடுத்த 680தான் அதுக்குச் சரி. அப்புறம் நீ போன்ல என்னென்னமோ சொன்னியா, படிக்கிற பொண்ணு, இதுல பழகிக்கட்டும்னு நாங்களும் விட்டுட்டோம்."

அன்றைய குறிப்பின் கடைசி வரி: "நாளை காலை ஆறு மணிக்கு உருட்டல். 520. அளவுகோல் வீட்டிலேயே இருக்கட்டும்."