ரீலக்கா நிறுத்திய பஸ்

உலகத்தில் எந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ரீலக்காதான். எழுதிய கவிஞருக்கே சில சமயம் மறந்திருக்கும், அக்காவுக்கு மறக்காது.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மருந்து மொத்தக் கடை. பில் போடும் இடத்தில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. தினமும் சோழவந்தானிலிருந்து வருவார். ரேடியோவில் பாட்டு வந்தால் பில் நின்றுவிடும். ஊரையே அழவைத்த சோகப் பாட்டு ஒன்றைக் கவிஞர் கடைவாய்ப் பல்வலியில் எழுதினார் என்பார். ஒரு தாலாட்டு, இசையமைப்பாளர் வீட்டு மிக்ஸி முனகியதிலிருந்து வந்ததாம். யார் சொன்னது என்று கேட்டால் முறைப்பார். ரீல் விடுகிறார் என்று நாங்கள் வைத்த பெயர், அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார்.

போன வருடம் ஒரு காதல் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 'என்னைய விட்டுட்டு எங்க போயிருவ' என்று தொடங்கும்.

"அது நான் பஸ் டிரைவரைப் பாத்துக் கேட்டது" என்றார் அக்கா.

சரக்கு எடுத்துவைக்கும் பாண்டி, அப்படியானால் டிரைவரோடு காதலா என்று கேட்டான். கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தாலும் தலை குனிந்து பில்தான் போட்டார். உப்பில்லாத சாம்பார் மாதிரி ஆகிவிட்டது ரேடியோ.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் பாண்டியின் செல்போனில் அந்தக் காதல் பாட்டை எழுதிய கவிஞரின் பேட்டி ஓடியது. நண்பர் கல்யாணத்துக்குச் சோழவந்தான் போயிருந்தாராம். திரும்பும்போது, புறப்பட்ட பஸ்ஸைப் பார்த்து ஒரு பெண் இந்த வரியைச் சத்தமாகக் கேட்டபடி ஓடி வந்தாராம். டிரைவர் பிரேக் போட்டார், பல்லவி கிடைத்துவிட்டது.

பாண்டி எழுந்து நின்றுவிட்டான். முதலாளி எச்சில் கையோடு வெளியே வந்தார். எல்லோரும் அக்காவையே பார்த்தோம். அவர் தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓடியெல்லாம் வரல. நடந்துதான் வந்தேன். வண்டிதான் நின்னுச்சு."

சாயங்காலத்துக்குள் வீதி முழுக்கச் செய்தி போய்விட்டது. வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் முதலாளி, "அந்தப் பாட்டு நம்ம கடைப் பாட்டு" என்றார். நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மருமகள் நம்பவில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை.

போன வாரம் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அக்கா லீவு. புதுப் பாட்டு ஒன்று வந்தது. நல்ல பாட்டு. பாண்டி பாதியிலேயே ரேடியோவை அணைத்தான்.

"அக்கா வந்துரட்டும்ணே. சேந்து கேப்போம்."